அட்டை ஒட்டிய ஜன்னல்

நவம்பர் 4, திங்கள்

கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டை ஒரு மூலையில் பிரிந்திருக்கிறது. வெயில் நேராக என் பாயில். கூடத் தங்கியிருக்கும் சுவாதி வேலைதான். “மூச்சு முட்டுதுங்க அக்கா” என்று நேற்றே முனகினாள். அவளுக்குப் பகல் ஷிஃப்ட். பகலில் தூங்குகிறவளுக்குத்தானே இருட்டின் அருமை தெரியும்? டேப் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டுப் படுத்தேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சுவாதியின் இருமல் நிற்கவே இல்லை. கர்நாடக எல்லையில் தளி ஊர்ப் பெண், அவர்கள் ஊர்க் குளிருக்கு ஓசூர் குளிர் ஒரு குளிரா? அறையில் மூன்றாவது ஆளான பிரவீனா காதோடு சொன்னாள்: “டி.பி.யா இருக்கும் அக்கா.”

எனக்கோ சுகர். ஒட்டிக்கொண்டால் என்ன ஆவேன்?

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை, உடம்பு அசதி. சுவாதியின் தட்டில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துத் தனியாக எடுத்து வைத்தேன். பார்த்தாள். பிறகு போனில் அம்மாவிடம் கன்னடத்தில், தட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றாள். எனக்குக் கன்னடம் புரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 13, புதன்

யூனிஃபார்ம் தொளதொளக்கிறது. “என்ன ஜெபசீலி, டயட்டா?” என்று சூப்பர்வைசர் சென்றாயன் சிரித்தார். சுகர் ஆளை உருக்கும்தான். மாத்திரையை நைட் ஷிஃப்டில் எப்போது போடுவது என்று குழம்பி, பாதி நாள் போடுவதே இல்லை.

தூங்கி எழுந்தால் தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறது. இந்தக் குளிரிலா?

நவம்பர் 16, சனி

சண்டை. “டெஸ்ட் எடுக்காம இந்த ரூமுக்குள்ள வராத” என்றேன்.

“எடுக்கறேங்க அக்கா. நீங்களும் எடுங்க. லீவு நாள்ல பாக்கறேன், தூக்கத்துல நீங்களுந்தான் இருமறீங்க.”

என்ன வாய். பையை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் செய்தது சரிதானே?

நவம்பர் 19, செவ்வாய்

அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தேன். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

எனக்கு.

எனக்குத்தான். சுவாதிக்கு வெறும் தூசி அலர்ஜியாம், டெஸ்ட் எடுத்து பிரவீனாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்.

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். சுகர் மாத்திரை, சாப்பாடு, அறையில் எத்தனை பேர், ஜன்னல். தட்டைப் பிரித்து வைத்ததையும் சொன்னேன்.

“தட்டுல வராதும்மா, காத்துல வரும். சுகரை கவனிக்கல, வயித்துக்கும் ஒழுங்கா போடல. இதுல ஜன்னலை வேற அடைச்சு வெச்சிருக்க. கூட இருக்கற ரெண்டு பேரையும் வரச் சொல்லு. பாத்துட்டு, தடுப்பு மாத்திரை தரணும்.”

யாரிடமிருந்து எனக்கு வந்ததோ தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை வெளியே போகச் சொன்னது நான் — அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நவம்பர் 24, ஞாயிறு

சுவாதிக்குப் போன் செய்தேன். “எனக்குத்தான் இருக்குது. என்னால நீயும் மாத்திரை போடணும் போல.”

அவள் பக்கம் ராயக்கோட்டைச் சந்தையின் தக்காளி ஏலக் கூச்சல் கேட்டது.

“சாப்ட்டீங்களா அக்கா?”

போனை வைத்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 3

மாத்திரை. குமட்டல். மெடிக்கல் லீவு.

டிசம்பர் 15, ஞாயிறு

கடைக்குப் போய்விட்டு வந்தால், கதவு திறந்திருக்கிறது. சுவாதி வந்துவிட்டாள். அட்டை கிழிந்து குப்பைக் கூடையில் கிடக்கிறது, அறை முழுக்க வெயில். “கண்ணுல துணிய கட்டிக்கிட்டு தூங்குங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

களி கிண்டி எனக்குப் போட்டு வைத்திருந்தாள், புள்ளி வைத்த தட்டில். வேண்டுமென்றே எடுத்தாளா, கைக்கு அதுதான் கிடைத்ததா, நான் கேட்கவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.