தோணியை விற்று வாங்கிய டெலிபோன் பங்கு

மச்சான்,

இன்று காலை நம் சரக்குக் கிட்டங்கியில் டெலிபோன் வைத்துவிட்டுப் போனார்கள். வெங்காய மூட்டைகளின் நெடிக்கு நடுவே அந்தப் புதுக் கருப்பு உறையின் வாசனை, அரக்கைச் சூடாக்கினாற்போல. உமக்குத் தெரிந்த வாசனைதான். கம்பி இழுத்தவர்கள் போன பிறகு அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சீமைக் கம்பெனியின் முத்திரை இருந்தது. கணக்கப்பிள்ளை ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு இதே மேசையில்தானே நாம் இருவரும் அடித்துக்கொண்டோம். சென்னையில் டெலிபோன் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாகத் தொடங்குகிறது, பங்கு வாங்குங்கள் என்று ஒரு ஏஜெண்டு கடைத்தெருவில் அலைந்தார். மற்ற வியாபாரிகள் அவர் செலவில் காப்பி குடித்துவிட்டு நழுவினார்கள். நீர் மட்டும் பிடித்துக்கொண்டீர்.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டுதான், மாப்ள. இனி அவன் சாமானுக்கு இங்கன என்ன மவுசு? நம்ம ஊர்ல செய்யுதவன்தான் நிப்பான்."

"நிக்கட்டும். வாங்குதது யாரு? சர்க்கார் ஒண்ணுதானே. ஒத்த ஆளு வாங்குத சந்தையில விக்கிதவனுக்கு என்ன மதிப்பு, மச்சான்? எக்ஸ்சேஞ்சுல இருக்கிறது பூரா சீமை மிஷின். பூட்டு அவனுது, சாவி மட்டும் நீரு செய்யப் போறீராக்கும்?"

"உமக்குக் கடல்ல கால் நனைக்கவே பயம்வே," என்று சிரித்தீர். அது பொய்யில்லை. என் வெங்காயம் கொழும்புக்குப் போயிருக்கிறதே தவிர நான் போனதில்லை.

மறுநாள் ஏஜெண்டு மாதிரிக்கென்று ஒரு டெலிபோனைக் கொண்டுவந்தார். நீர் அதைப் பேசிப் பார்க்கவில்லை. திருப்புளி கேட்டு வாங்கி, அடிமூடியைக் கழற்றினீர். முத்துக் குளிக்கும் சலாபத்தில் பழகிய கை அது. கரையில் திறக்காத சிப்பி குவியல் குவியலாக ஏலம் போகும்போது, நீர் முதலில் ஒரு பிடி வாங்கிப் பிளந்து பார்ப்பீர். அதை வைத்தே முழுக் குவியலுக்கும் விலை கேட்பீர். கடலுக்கடியில் ஒரே பாரில், அதாவது ஒரே பாறைத் திட்டில், விளைந்த சிப்பி ஒன்றுபோலத்தான் இருக்கும், பிடிச் சிப்பி பொய் சொல்லாது என்பது உம் வேதம். கடைசிச் சலாபத்தில் அப்படி எடுத்த குவியல்தானே உமக்குத் தோணியாக மாறியது? பிறகு உம்மிடம் யார் என்ன சொல்ல முடியும்.

செப்புக் கம்பி சுற்றியிருந்த அழகையும் காந்தத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தீர். "சரக்கு சுத்தம், மாப்ள," என்றீர். உம் முகம் அப்போது அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அக்கா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "தோணி ஓடுனா நாலு வீட்டுல அடுப்பெரியுது. இந்தக் கருப்புப் பொட்டி யாருக்குச் சோறு போடும்?" நீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர். அந்த வாரமே தோணி கைமாறியது. விற்ற பணம் முழுவதும் பங்காயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தங்கம் வாங்கினாலும் பரவாயில்லை, நிலம் வாங்கினாலும் பரவாயில்லை, கண்ணால் காணாத கம்பெனியை வாங்குவார்களா?

கம்பெனி கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. அவர்கள் செய்த டெலிபோன்களைச் சர்க்கார் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டதாகப் பேச்சு வந்தபோது நீர் நம்பவில்லை. சீமைக்காரன் கட்டிவிட்ட கதை என்றீர். சென்னைக்குச் சரக்கோடு போன நான் திரும்பி வந்தவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து உம் முன்னால் வைத்தேன். உம்மை மடக்க அல்ல, மச்சான். இருக்கிற பங்கையாவது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவீர் என்றுதான்.

நீர் அதையும் கழற்றினீர். உள்ளே கம்பி தாறுமாறாகக் கிடந்தது, காந்தத்தில் துரு. ஏஜெண்டு காட்டிய மாதிரியில் உறை மட்டும்தான் அவர்களுடையது, உள்ளே இருந்ததெல்லாம் சீமைச் சாமான் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. நீர் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பழையபடி முடுக்கினீர்.

"இது வேற பார்ச் சிப்பி, மாப்ள," என்றீர். "அவன் எனக்குக் காட்டுனது வேற பார்ல எடுத்த சிப்பி."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீர் எடுக்கவில்லை. பங்கை வாங்க ஆளில்லை. சர்க்காரே டெலிபோன் செய்யப்போவதாகச் செய்தி வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். நீர் கடற்கரைப் பக்கம் போவதை விட்டீர். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவீர். அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் மற்றவர்களுக்கு மூன்றாம் நாள் இறங்கிற்று. உம்மை மட்டும் கொண்டுபோயிற்று. வைத்தியர் நெஞ்சுச்சளி என்றார். சளியில் சாகிற ஆளா நீர்?

இப்போதும் கடைத்தெருவில் எந்தக் கம்பெனி எழும்பும், எது விழும் என்று பேச்சு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். "அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாவல்லா," என்று நடுவில் இடம் கொடுக்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? அன்று நான் பேசியதில் அறிவு பாதி, பயம் பாதி. அந்தப் பயத்துக்குத்தான் இன்று இந்த மரியாதை. வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் வேறு தோணி கிடைக்காமல் உம் தோணியில்தான் சரக்கு ஏற்றினேன். பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். முறத்திலிருந்து நிமிராமல் கேட்டாள்: "ஏலே, பாய்மரத்துல பாய் புதுசா போட்டிருக்காவளா?"

"போட்டிருக்காவ, அக்கா."

"நல்லா இருக்கட்டும்," என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பலித்துவிட்டது, மச்சான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பலிக்காமல் போயிருந்தால் இந்நேரம் எதிரே உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டிருப்பீர்.