பற்பொடி விளம்பரத்தில் கங்கையம்மாள்

ராஜகீழ்ப்பாக்கம்
9.6.2024

ஐசக் சாருக்குத் துளசிங்கத்தின் வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல மருமகள் சந்திரிகா எழுதுகிறாள்.

மகன் பாலு கேளம்பாக்கத்தில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். சுவரெல்லாம் பழைய விளம்பரப் படங்கள். ஒரு பற்பொடி விளம்பரத்தில் என் சம்சாரம் கங்கையம்மாள் சிரிக்கிறாள்! இடது புருவத்தில் கன்று முட்டின தழும்பை மறப்பேனா? கீழே வரைந்தவர் என்று உங்கள் பெயர் இருப்பதைப் பாலு படித்துச் சொன்னான். உங்கள் வீட்டுக்குத்தானே அவள் பால் ஊற்றினாள்.

ஆனால் தோளில் பின் குத்திய வெள்ளைச் சேலை, கையில் வாட்ச், கக்கத்தில் குடை. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவளுக்கு எதற்கு வெள்ளைச் சேலை? வாட்சை யார் கட்டிவிட்டது? (மருமகள் சிரிக்கிறாள். எழுதும்மா.)

பாலு கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அவனுக்கு அம்மா முகமே தெரியாது. அதே முகத்தை அரக்குச் சேலையில், பொட்டும் பூவுமாக வரைந்து தர வேண்டும்.

இப்படிக்கு,
துளசிங்கம் (கைநாட்டு)

கிழக்குத் தாம்பரம்
17.6.2024

அன்புள்ள துளசிங்கம்,

கர்த்தர் கிருபையால் நலம். வாட்சைக் கட்டிவிட்டது என் மனைவி ரத்தினபாய். சேலையும் அவள் சர்ச்சுக்குக் கட்டுவதுதான்.

கம்பெனியில் டீச்சர் படம் கேட்டார்கள். டீச்சர் சொன்னால் ஜனம் நம்புமாம். விளம்பரத்தில் பட்டு என்றால் வசதி. வெள்ளைப் பருத்தியும் வாட்சும் என்றால் படிப்பு. எங்கள் சபை டீச்சர்கள் யாரும் பற்பொடிக்கு முகம் காட்டச் சம்மதிக்கவில்லை. பால் ஊற்ற வந்தவர், "நான் நிக்கட்டா சார்?" என்றார்.

வரைந்து முடித்ததும் எனக்கே உறுத்தியது. "கலர் சேலையா மாத்திடட்டுமாம்மா? உங்க வீட்டுக்காரர் கோவிப்பாரே" என்றேன்.

"கத்துவாரு சார். கத்தட்டும். மாத்தாதீங்க. இதுல நான் படிச்சவ மாதிரி கீறேன்" என்றார்.

இப்போதும் மாற்றி வரைய என்னால் முடியும். வரையட்டுமா?

அன்புடன்,
ஐசக்

ராஜகீழ்ப்பாக்கம்
2.7.2024

ஐசக் சாருக்கு வணக்கம்.

வேண்டாம் சார். அவள் சொன்னது சரி, கத்தித்தான் இருப்பேன்.

ஓட்டல்காரரிடம் கேட்டு, படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிட்டோம். பாலு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதன் முன் நின்றுவிட்டுத்தான் போகிறான். என் தங்கை வந்து ஒரே சண்டை. "இன்னாண்ணா, அண்ணிய வெள்ளப் பொடவையில மாட்டிக்கினு கீறே? நீ இன்னா செத்தா பூட்டே?"

"அவ ஆசப்பட்டுக் கட்டினது. நீ காபியக் குடி" என்றேன்.

நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் படத்தைப் பார்த்து, "எந்த ஸ்கூல் டீச்சர் பெரியவரே?" என்று கேட்டார்.

"என் சம்சாரம்பா. மாடு வச்சிருந்தா" என்றேன்.

அவர் நம்பவே இல்லை சார்.

இப்படிக்கு,
துளசிங்கம் (கைநாட்டு)