மேசைக்கு அடியில் உட்கார்ந்தவள் நான்

செப்டம்பர் 9, செவ்வாய்

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர மனமில்லை. சூப்பர்மார்க்கெட்டுக்குள் போய்ச் சுற்றினேன். ஒரு வெங்காயம்கூட வாங்கவில்லை. வாசலில் நிற்கும் காவலாளி என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் தலையசைக்கிறார். இந்த ஊரில் நான் வருவேன் என்று எதிர்பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

நம்மூரில் எல்.கே.ஜி. டீச்சராகப் பதினோரு வருஷம். காலையில் கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு பிஞ்சுக் கைகள் முந்தானையைப் பிடித்துவிடும். இங்கே ஒரு சமையலறை, ஒரு ஜன்னல், எதிர்க் கட்டடத்தின் குழாய்கள். என் சான்றிதழ் சரிபார்ப்பில் இருக்கிறதாம். வந்த நாளிலிருந்து இதையே சொல்கிறார்கள்.

"ரெண்டு வேலைக்கு நடுவுல இருக்க, அவ்வளவுதான்" என்கிறார் இவர். நடுவில் என்றால் அந்தப் பக்கம் ஒரு கரை தெரிய வேண்டாமா?

அம்மா போனில் கேட்டாள், "வேலை கிடைச்சுதா?"

"பார்த்துட்டிருக்கேன்மா."

"நீ எதுக்குப் பார்க்கணும்? அவங்கதானே உன்னைப் பார்க்கணும்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கீழ்வீட்டுக்காரி இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

இரண்டு மாடி கீழே இருக்கிறாள். வந்த புதிதில் ஒருநாள், "ஷூவைப் போடுடி, மணி ஆகுது" என்று மகளைப் படிக்கட்டில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கதவு திறந்தது. "தமிழா? அப்பாடா" என்று ஒரு முகம். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா. அவள் எனக்கு முன்பே இங்கு வந்தவள். இந்த ஊர் மொழி அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது; எனக்கோ மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

அவள் வேலை பார்த்த செல்போன் கடையை மூடிவிட்டார்கள். அவள் புருஷனுக்கும் பாதி வாரம்தான் வேலை. ஆக, இந்தக் கட்டடத்தில் இரண்டு வெட்டி ஆபீசர்கள். துணி துவைக்கும் அறையில், மெஷின் சுற்றி முடிக்கும் வரை இன்டர்வியூ பழகுகிறோம். ஒருநாள் அவள் அதிகாரி, மறுநாள் நான். அவள் அதிகாரியானால் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்பாள். எங்கிருந்து ஆரம்பிக்க?

செப்டம்பர் 18, வியாழன்

"கஷ்டமான குழந்தை ஒண்ணைப் பத்திச் சொல்லுங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க. என்னக்கா சொல்லுவீங்க?"

யோசிக்கவே இல்லை. மேசைக்கடிப் பையனைச் சொன்னேன். பள்ளியில் சேர்ந்த அன்றே மேசைக்கு அடியில் போனவன், வெளியே வரவே இல்லை. வாயும் திறக்கவில்லை. ஆயா இழுத்துப் பார்த்தார், கரஸ்பாண்டன்ட் அதட்டிப் பார்த்தார். நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனைக் கூப்பிடவில்லை, கேள்வி கேட்கவில்லை. இப்படியே தினமும். ஒருநாள் நான் உள்ளே நுழைந்து உட்கார்ந்தபோது ஒரு சின்னக் குரல் — "தள்ளிக்கோ." அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கீழ்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைச் சொன்னீங்கன்னா அன்னைக்கே வேலை அக்கா."

அவளே உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாக இந்த ஊர் மொழியில் மாற்றிக்கொடுத்தாள். நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மகளின் பள்ளித் தெருக்கோடியில் ஒரு நர்சரி. 'உதவியாளர் தேவை' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். சான்றிதழ்கூட வேண்டாமாம், குழந்தைகளோடு பழக்கம் இருந்தால் போதுமாம். உள்ளே போய்க் கேட்கத்தான் வாய் வரவில்லை. ஓடிவந்து கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"நீங்க பதறாதீங்க. நான் போய் விசாரிச்சுட்டு வரேன்."

சாயங்காலம் வந்து சொன்னாள்: "அந்த இடம் போயிடுச்சு அக்கா. நேத்தே ஆளை எடுத்துட்டாங்களாம்."

கண்ணாடியில் ஒட்டியதைக் கிழிக்க மறந்திருப்பார்கள். பாவம், எனக்காக மழையில் போய்வந்தாள். டீ போட்டுக்கொடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

கீழ்வீட்டுக்காரிக்கு வேலை கிடைத்துவிட்டது. குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை என்றாள். என் கறுப்பு ஷூவைக் கேட்டாள், கொடுத்தேன். சந்தோஷம்தான். பொறாமை இல்லை என்று எழுத வந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

துணி துவைக்கும் அறையில் இன்று நானும் மெஷினும் மட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

அந்த நர்சரியில் மறுபடியும் அறிவிப்பு. இன்னொரு வகுப்பு திறக்கிறார்களாம். இந்த முறை யாரையும் தூது அனுப்பவில்லை. நானே உள்ளே போய், இருக்கிற பத்து வார்த்தையைக் கொட்டினேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "அங்கயா? வேற எடம் பார்க்கலாமே."

ஏன் என்றேன். "இல்ல, சும்மாதான்" என்றார். என் மொழியை நினைத்துப் பயப்படுகிறார் போல.

அக்டோபர் 16, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வெடித்துவிடும்.

நர்சரித் தலைமை ஆசிரியை என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். காதோரம் நரை, சட்டையில் பெயின்ட் கறை. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். நான் தொடங்கினேன். ஒரு தடுமாற்றம் இல்லை. அத்தனை வாக்கியமும் வரிசையாக வந்து நின்றன.

பாதியில் அவர் பேனாவை மூடி வைத்தார். முகம் மாறிவிட்டது. நான் "தள்ளிக்கோ"வுக்கு வருவதற்கு முன், அந்த வார்த்தையை அவரே சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாக, எனக்கு விளங்கவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: போன மாதம் இதே அறையில், இதே கதையை, இதே வார்த்தைகளில் வேறொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் தோழிகளா?

சுவரில் பாதி கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒருத்தி கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். முதலில் ஷூவைத்தான் அடையாளம் கண்டேன்.

அது என் கதை, அந்தப் பையன் என் பையன் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாக்கியம் இல்லை. அவள் எழுதிக்கொடுத்ததில் அது இல்லையே. திருடி மாதிரி எழுந்து வந்துவிட்டேன்.

யார் திருடி? நானா?

அக்டோபர் 17, வெள்ளி

துணிக்கூடையோடு மெஷின் அறைக்கு வந்தாள். நான் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குடோன்ல பெட்டியெல்லாம் ஒழுங்கா அடுக்கறியா?"

"அக்கா..."

"எடம் போயிடுச்சுன்னு சொன்னியேடி. மழையில போயிட்டு வந்தியேன்னு டீ போட்டுக் குடுத்தேன்."

"விசாரிக்கத்தான் போனேன் அக்கா. சத்தியமா. அவங்க என்னைப் பத்திக் கேட்டாங்க. வாயில வந்துடுச்சு."

"என் பையன் எப்படி உன் வாயில வருவான்?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "வாக்கியமெல்லாம் நான்தானே எழுதினேன். நீங்க சொன்னா அந்தக் கதை புரியக்கூட புரியாதுக்கா. எங்க வீட்டு நிலைமையும் உங்களுக்குத் தெரியும்."

கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவளுக்கு அது நியாயமாகவே படுகிறது. என் துணி நனைந்தபடி மெஷினுக்குள் கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

இவருக்குத் தெரியும்.

அவள் புருஷன் பஸ் நிறுத்தத்தில் பெருமையாகச் சொன்னானாம். எப்போது? அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே. அவள் என் ஷூவோடு குடோனுக்குப் போகிறாள் என்று நான் நம்பியதை, குடோனில் கை வலிக்குமே என்று தைலம் கொண்டுபோய்க் கொடுத்ததை — எல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. உனக்குன்னு இங்க இருக்கறது அவ ஒருத்திதானே. அதுவும் போயிடக்கூடாதேன்னு நினைச்சேன்."

"நீங்க இருக்கீங்கன்னுல்ல நான் நினைச்சுட்டிருந்தேன்."

கொஞ்சம் கழித்து, "விடும்மா. ஒரு கதைதானே" என்றார்.

ஒரு கதைதானாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

இவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தலையாட்டினேன். உடனே சரியாகிவிடுகிற விஷயமா இது? ஆனால் இன்று டீயில் சர்க்கரை போட்டேன். மூன்று நாளாக வேண்டுமென்றே போடவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தார்.

அக்டோபர் 27, திங்கள்

போனில் அவள் பெயர். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

அழுதாள். அவள் வகுப்பில் புதிதாக ஒரு பெண் குழந்தை. மழைக்கோட்டைக் கழற்றுவதில்லை, உள்ளே வருவதில்லை, நாள் முழுக்க வேலியோரம் நிற்கிறதாம். "உனக்குத்தான் இந்த மாதிரிக் குழந்தைகளைப் பற்றித் தெரியுமே" என்று தலைமை ஆசிரியை இவளிடம் ஒப்படைத்துவிட்டாராம். டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அது கத்துகிறதாம்.

"நீங்க அப்புறம் என்ன செஞ்சீங்க அக்கா? அந்தப் பையன் விஷயத்துல. சொல்லுங்களேன்."

"உன் கதைதானே. நீயே யோசிச்சுப் பாரு."

வைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மகளை அழைத்துவரக் கிளம்பும்வரை நன்றாக இருந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். வேறு வழியும் உண்டு, சுற்று. சுற்றிக்கொண்டு போகவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

குழந்தை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் மழைக்கோட்டு, மூக்கு ஒழுகிக் காய்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி அவள் குந்தி உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் குழந்தையின் விரல்கள் கம்பியில் இறுகின.

இன்டர்வியூவில் சொல்வதற்காக நான் அவளுக்குச் சொன்னது கொஞ்சம்தான். தள்ளிக்கோ என்றவன் மறுவாரமே மறுபடி ஊமையானான். ஒருமுறை என் மணிக்கட்டைக் கடித்தான். யாராவது தன்னையே பார்த்தால் அவனால் தாங்க முடியாது என்று கண்டுபிடிக்க ஒரு பருவமே ஆயிற்று. அதையெல்லாம் யாருக்கும் சொன்னதில்லை. அவள் எடுத்துப்போனது மேலாக இருந்ததை மட்டும்தான்.

அவளுக்காக நிற்கவில்லை. அந்த விரல்களுக்காக நின்றேன்.

"கூப்பிடாதே," என்றேன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து. "அதைப் பார்க்காதே. முதுகைக் காட்டி உக்காரு. செடிக்குத் தண்ணி ஊத்து, இலையைப் பொறுக்கு, ஏதோ ஒரு வேலையைப் பாரு. வரணும்னு நினைச்சுக்கிட்டும் உக்காராதே. அதுக்குத் தெரிஞ்சுடும்."

எழுந்து திரும்பி உட்கார்ந்தாள். உலர்ந்த இலைகளைப் பொறுக்கிக் குவித்தாள். அவள் தோள் குலுங்கியது. நான் போகும்வரை குழந்தை அசையவில்லை. ஆனால் ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்திருந்தது.

நவம்பர் 5, புதன்

தலைமை ஆசிரியையே போன் செய்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அன்று மாடி ஜன்னலிலிருந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மழைக்கோட்டுக் குழந்தை இப்போது கதவுவரை வருகிறதாம்.

ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேசைக்கு அடியில் இருந்த அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

ஒப்பித்த வாக்கியம் எதுவும் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னேன்: நாலாவது படிக்கிறான். நிறையப் பேசுகிறான். பேசுவதற்காகவே வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். அவன் அம்மா எனக்குப் போன் போட்டு, "நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க, நீங்களே நிறுத்துங்க" என்று திட்டுகிறாள். இலக்கணம் எப்படி எப்படியோ போயிற்று. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

இதே கேள்வியை அவளிடமும் கேட்டாராம். தெரியாது என்றாளாம். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

புது வகுப்பு எனக்கு. அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தயங்குகிற குரலில், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்றார். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. மழைக்கோட்டுக் குழந்தை இப்போதுதான் ஒரு முகத்தைப் பழகியிருக்கிறது. அது உங்கள் முடிவு என்றேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு அடுத்த வாரம் வேறு முகம் வேண்டாமே என்றுதான்.

நவம்பர் 14, வெள்ளி

முதல் வாரம் முடிந்தது. முட்டி வலிக்கிறது. முடியில் பசை. ஒரு குட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டது.

தொட்டியில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, பெயின்ட் தட்டெல்லாம் எங்க இருக்கு?"

"மேல் அலமாரியில இருக்குங்க. எடுத்துக்கோங்க."

எடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். "என்னைப் போய் 'நீங்க'ங்கறீங்களே அக்கா."

"வேலை செய்யற இடமில்லையா," என்றேன்.

சாயங்காலம் ஒரே தெரு, ஒரே கட்டடம். அவள் முன்னால் நடந்தாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். கீழ்க்கதவைத் திறந்து, நாங்கள் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றி என்றேன், இந்த ஊர் மொழியில். உச்சரிப்பு சரியாக வந்தது.