முத்துப்பேட்டை வீட்டுக்குக் கூரை

ஷார்ஜா
12-10-2024, சனிக்கிழமை, காலை 6.40

இர்ஃபானாவுக்கு,

ஸலாம். பதினாலு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவைகூட நீ எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் சித்தீக் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கூரை ஓடுகளைப் பிரிக்க நான் அனுப்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். காரணம் சொல்லவில்லை. செலவுதான் பயம் என்றால், கேள். வீடு அறுநூறு சதுர அடி. கான்கிரீட் சதுர அடிக்கு ஐநூறுக்குக் குறையாது; அந்தப் பழைய சுவர் தாங்கவும் தாங்காது. ஓட்டைத் தாங்கும் உளுத்த ரீப்பர் கட்டைகளை மாற்றி மறுபடி ஓடு வேய்ந்தால் முந்நூறு. அதோடு முடியாது, தேங்காய் விழும்போதெல்லாம் செலவு. கலர் ஷீட் இருநூற்று இருபது. வெக்கைக்குக் கீழே சீலிங் அடித்தாலும் இருநூற்று எண்பதுதான். ஆக, ஷீட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மழை பிடிப்பதற்குள் சரி என்று சொல்.

தௌபீக்

*

முத்துப்பேட்டை
20-10-2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இருக்கோம். நீங்க வேளைக்குச் சாப்பிடுறீங்களா?

கணக்கு நல்லா இருந்துச்சு. ஆனா செலவுக்குப் பயந்து நான் யாரையும் திருப்பி அனுப்பல. நீங்க தஞ்சாவூர்க்காரர். எங்க பக்கம் வீடு பொம்பளப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து தங்குறவர். நிக்காஹ் அன்னைக்கே பெரியவங்க சொன்னாங்க. நீங்க பிரியாணியில கவனமா இருந்தீங்க.

அன்னைக்குக் காலையில நாலு பேர் ஏணி, கடப்பாறையோட வந்து, "மாப்பிள்ளை சொல்லிட்டார், பிரிக்கணும்"னு நின்னாங்க. உம்மா என்னைப் பார்த்து, "வீட்டை வித்துட்டீங்களா? நான் எங்கம்மா போறது?"ன்னு கேட்டாங்க. புடவையெல்லாம் பையில எடுத்து வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கே அப்பத்தான் தெரியும். இன்னும் சரியாச் சாப்பிடல அவங்க. உங்க குரலைக் கேட்டா கோபத்துல ஏதாவது சொல்லிடுவேன்னுதான் போனை எடுக்கல.

ஷீட் போட்டா மழைச் சத்தத்துல பள்ளிவாசல் பாங்குகூடக் கேக்காதுங்கிறாங்க உம்மா.

இர்ஃபானா

*

ஷார்ஜா
26-10-2024

இர்ஃபானா,

படித்தேன். இரண்டு தடவை.

ஷீட்டைப் பற்றி நான் சொன்னதில் தப்பில்லை. சத்தத்துக்கும் வழி இருக்கிறது. ஆனால் உங்களைக் கேட்காமல் ஆள் அனுப்பியது தப்பு. இங்கே நான் வேலை பார்க்கும் கட்டட சைட்டில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணியைப் பிடுங்க விடமாட்டேன். உன் வீடு என்றதும் அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. மாமி பையை எடுத்தது கண்ணிலேயே நிற்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. நீ கூப்பிட்டால் மட்டும் வரச் சொல்லி மேஸ்திரியிடம் பேசிவிடுவேன்.
2. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமிக்குப் போன் செய்வேன். நீ எடுக்க வேண்டாம். விலை பேசமாட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.
3. இந்த மழைக்குத் தார்ப்பாய் வாங்கித் தரலாமா? பதில் வந்த பிறகுதான் வாங்குவேன்.
4. டிசம்பரில் லீவு எடுத்து வருவேன். மாமி ஓடு என்றால் ஓடு. நான் வாயைத் திறக்கமாட்டேன். முயற்சி செய்கிறேன்.

தௌபீக்