விறாந்தைக்குப் போன வானொலி

அக்கா,

இன்று காலை குண்டசாலையில் பக்கத்து வீட்டுக்காரர் கிருமிநாசினி ஊற்றி வாசலைக் கழுவினார். அந்த வாசனைக்குத் தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்டியில் இதய அறுவைக்குப் பிறகு நீங்கள் படுத்திருந்த வார்டு கண்முன் வந்து நின்றது.

யாழ்ப்பாணத்தில் ஷெல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த போர்க்காலம். பழுதான வால்வோடு எத்தனையோ சோதனைச்சாவடி தாண்டி, கண்டிப் பக்கம் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தீர்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. நித்திரைதான் வரவில்லை. தள்ளுவண்டி சுவரில் இடித்தாலே உங்கள் உடம்பு தூக்கிப்போடும். கட்டிலருகே இருந்த கருவியின் திரையில் இதயத்துடிப்பு தாறுமாறாக ஏறும்.

"இது ஷெல் இல்லையெண்டு எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்லை" என்றீர்கள். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். டாக்டரின் முகத்தில் கவலை தெரிந்தது.

அடுத்த கட்டிலில் கடுகண்ணாவையிலிருந்து வந்த சிங்கள அம்மா. அவருக்கும் நெஞ்சில் தையல். மகன் இராணுவத்தில், வடக்கில். அதனால் தலையணையோரம் எப்போதும் ஒரு சின்ன வானொலி. செய்திக்கு முன் வரும் இசைக்கே நீங்கள் படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடிப்பீர்கள்.

"மகள், அக்கா ஏன் இப்படி நடுங்குகிறார்?" என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். யாழ்ப்பாணத்து ஷெல்லைப் பற்றிச் சொன்னேன்.

அடுத்த செய்தி நேரத்தில் கட்டிலைவிட்டு இறங்கினார். ஒரு கையால் தையலைப் பொத்திக்கொண்டு, மறு கையில் வானொலியோடு, சுவரோரமாக மெல்ல வெளியே விறாந்தைக்குப் போனார். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் அப்படித்தான். அவரைப் பார்த்து மற்றவர்களும் குரலைத் தணித்தார்கள். தள்ளுவண்டியைத் தாதிமார் பிடித்துப் பிடித்து உருட்டினார்கள். ஹந்தானை மலையில் மழை இறங்குவதுகூடக் கேட்டது.

ஒரு மத்தியானம் நீங்கள் அயர்ந்து தூங்கினீர்கள். திரையில் துடிப்பு சீராக ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் விழித்ததும் நீங்கள் முதலில் கேட்டது, "அந்த அம்மாவின்ர மகனைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?" என்றுதான். எங்கள் ஊர்ப் பக்கம் துவக்கோடு நின்ற பிள்ளை அவன். நான் பதில் சொல்லுமுன் அவரே விறாந்தையிலிருந்து வந்தார். உங்கள் பார்வையிலேயே கேள்வி புரிந்திருக்க வேண்டும். கெட்ட செய்தி இல்லை என்று தலையை ஆட்டிச் சிரித்தார்.

"அப்பாடா" என்றீர்கள், நெஞ்சில் கைவைத்து.

அதன்பிறகு பல வருஷம் இருந்தீர்கள், அக்கா. வால்வை மாற்றிய டாக்டரின் முகம் எனக்கு மங்கிவிட்டது. உங்களுக்கு நித்திரை வரட்டும் என்று, தன் பயத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்த அந்த அம்மாவின் முதுகு மங்கவேயில்லை.