மீனாள் சேமித்த மதிப்பெண்கள்

8.3.99 திங்கள்
காலை ஒன்பதுக்கே வெயில். சாக்பீஸ் தீர்ந்தது, ஆபீசில் கேட்க வேண்டும்.

எங்கள் இயற்பியல் துறைக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகல் முழுக்க கிளார்க் மீனாள் அதில் மதிப்பெண் ஏற்றுகிறாள். நான்கு மணிக்கு மேல் எனக்கு. கணக்குப் போட யுனிக்ஸ் ஷெல் என்கிற மென்பொருள் ஒருவழியாக அதில் ஓடுகிறது, தம்பி பெங்களூரிலிருந்து அனுப்பிய சிடி. முனைவர் பட்டக் கணக்குகளுக்கு இனி மதுரைக்கு அலைய வேண்டாம். ஷெல்லுக்காக சனிக்கிழமை விண்டோஸின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன்.

டெய்லரிடம் ஜாக்கெட்.

9.3 செவ்வாய்
அமளி. மூன்று வகுப்பு மதிப்பெண்களைக் காணோம். மீனாள் நேற்று ஏற்றியது ஒன்றுகூட இல்லை. திறந்தால் போன வாரப் பட்டியல்.

"சேமிச்சேன் மேடம். சேமிச்சாச்சுன்னு அதுவே சொல்லுச்சு."

துறைத்தலைவர்: "மிஷின் பொய் சொல்லுமா? கவனம் வேணும்."

மீனாளுக்குத் தற்காலிக வேலை. ஜூனில் நிரந்தரம் ஆக வேண்டியவள். அழவில்லை. முதலிலிருந்து ஏற்ற உட்கார்ந்தாள்.

10.3 புதன்
மறுபடியும் காணோம். மதிப்பெண்கள் வெள்ளிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மீனாளுக்குக் கல்லூரி முதல்வரிடமிருந்து மெமோ.

மன்னிப்புக் கடிதம், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'என் கவனக்குறைவால் சேமிக்கத் தவறினேன்.'

"சேமிச்சேனே மேடம். அப்படியா எழுதச் சொல்றீக?"

"எழுதுமா. ஒத்துக்கிட்டா விட்டுருவாக."

கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பால்காரரிடம் நாளை வேண்டாம் என்று சொல்ல மறந்தேன்.

11.3 வியாழன்
மதிப்பெண்களை ஏற்றும் வேலை என் தலையில். ஒரு பக்கம் அடித்தேன். 'சேமிக்கப்பட்டது' என்றது. மூடித் திறந்தேன். இல்லை.

தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.

TEMP. சனிக்கிழமை நான் மாற்றிய வரி. பாதி வேலையைத் தற்காலிகமாக எங்கே வைப்பது என்று எந்தப் புரோகிராமும் அந்தப் பெயரைத்தான் கேட்கும். அதை /tmp என்று ஆக்கியிருந்தேன். ஷெல்லுக்கு அந்த இடம் தெரியும். விண்டோஸில் ஓடும் மதிப்பெண் புரோகிராமுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. எழுத முடியவில்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று மட்டும் காட்டுகிறது.

பழைய வரியைப் போட்டேன். மதிப்பெண் அழியாமல் நிற்கிறது. இப்போது ஷெல் ஓட மறுக்கிறது. ஷெல்லைத் திறக்கும்போது மட்டும் /tmp என்று சொல்ல ஒரு சின்னக் கோப்பு எழுதினேன். இரண்டும் ஓடுகின்றன. பத்து நிமிட வேலை. சனிக்கிழமையே செய்திருக்கலாம்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "முதல்வர் காதுக்குப் போனா உங்க ஆராய்ச்சி அவ்வளவுதான். பேசாம இருங்க."

பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடாமல் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

12.3 வெள்ளி
முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது, மீனாளுடையது அல்ல. ஒரு பக்கம்.

முதல்வர் இரண்டு முறை படித்தார். மேஜை டிராயரிலிருந்து மீனாளின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தப் புள்ளையே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கே. நீங்க ஏம்மா இழுத்துப் போட்டுக்கிறீங்க?"

விளக்கினேன். கம்ப்யூட்டர் சமாசாரம் புரியாது என்றார். அந்தக் கடிதத்தின் வாசகம் நான் சொன்னது என்றேன். அதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில்: என் வேலைக்கு ஒன்றும் வராது. ஆராய்ச்சிக்கு அந்த கம்ப்யூட்டரை இனி தொடக் கூடாது. மீனாள் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்று, திங்களன்று வருகிறாள்.

நான் ஏற்றிய மதிப்பெண்கள் நேரத்துக்குப் போய்விட்டன. எல்லாரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

13.3 சனி
மீனாளின் ஊர், கண்டனூர். பஸ்ஸில் நின்றபடி. பெரிய வீடுகளில் பூட்டு. மீனாள் வீடு கடைசித் தெருவில், ஓட்டு வீடு. பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை திருப்பூர், பனியன் கம்பெனிக்கு.

TEMP என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "நீ சரியாத்தான் சேமிச்சே. தப்பு என்னோடது."

"ரெண்டு நாளுமா மேடம்?"

"ரெண்டு நாளும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." இத்தனை நாளில் இப்போதுதான் அழுதாள்.

அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். "அப்ப வேலையத் திருப்பிக் குடுப்பாகளா?"

"இல்லம்மா."

"பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.