வாசித்துக் காட்டிய காகிதம்

ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் யாரோ ஒரு சின்ன மணல் மூட்டையை வைத்திருக்கிறார்கள். இன்று காலை அதைத் தூக்கி நகர்த்தினேன். இரண்டு கிலோ இருக்கும். அதே கனம், அக்கா.

மதுரை ஆஸ்பத்திரியில் அன்று, ரத்தம் கசியாமல் இருக்க, உன் தொடைமேல் இப்படி ஒரு மூட்டையை வைத்திருந்தார்கள். தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றை இதயத்தின் வலப்பக்கம் வரை செலுத்தி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்திருந்தார்கள். ராஜபாளையத்தில் ஒரு வருடம் ஆஸ்துமா மாத்திரை தின்ற பிறகு, இப்படி அளந்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார்கள். மயக்க மருந்து இல்லை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். "மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்தும்மா" என்று டாக்டர் சொல்வது கேட்டது. நிறுத்த உன்னிடம் எங்கே மூச்சு இருந்தது.

மூட்டையை எடுக்கும்வரை காலை மடக்கக் கூடாது. கூரையைப் பார்த்தபடியே பேசினாய்.

"வலிக்கல ஏட்டி. உள்ள போகையில நெஞ்சு ரெண்டு தரம் துள்ளுச்சு. கல்யாணத்தன்னைக்குக் கூட இம்புட்டுத் துள்ளல."

சிரித்தாய். இருமல் வந்தது. பிறகு டாக்டர் வந்தார். அழுத்தம் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. பிள்ளை பெறக் கூடாது. படி ஏறக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார்.

"அவியகிட்ட சொல்லிராத."

"எப்படிக்கா..."

"பிள்ள கூடாதுன்னு தெரிஞ்சா, அத்த என்னைய நம்ம வீட்ல கொண்டாந்து விட்ரும். எனக்கு அவியகூட இருக்கணும் ஏட்டி. சொல்லமாட்டேன்னு சொல்லு."

நீ எழுந்து போக முடியாது. நானும்.

சொன்னேன்.

மறுநாள், மில் ஷிஃப்ட் முடிந்து அத்தான் வந்தார். ரிப்போர்ட்டை நீட்டி, "நீதான் படிச்சவ. வாசி" என்றார். ஆங்கிலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைத் தமிழில் வாசித்தேன். பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்துமாதான். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்தப் புரட்டாசியில், பிள்ளை வேண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின்மேல் இருக்கும் பெருமாளிடம் போவோம் என்றார் அத்தான். நீ மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பாதிப் படியில் உட்கார்ந்து, "நீங்க முன்னால போங்க, வாரேன்" என்றாயாம்.

வரவில்லை.

ஐந்து வருடம் ஆகிறது. இன்று மத்தியானம் அத்தான் அலுவலகத்துக்கு வந்தார். கான்சாபுரத்தில் பெண் பார்த்திருக்கிறார்களாம். வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஒருத்தியப் படியேத்திக் கொன்னது போதும்" என்றார். வாங்கி வைத்த டீயைத் தொடவில்லை. "அன்னைக்கு அந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்லதான?" என்று கேட்டார்.

அந்தப் பழியிலிருந்து அவரைத் திறந்துவிட ஒரு வாக்கியம் போதும். உனக்குக் கொடுத்த சொல்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். தெரிந்த பிறகு அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வை மீதி.

"ஒண்ணும் இல்லத்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். பஸ் ஏறப் போய்விட்டார்.

நீ சொல்லச் சொன்ன பொய்யைத்தான் இத்தனை வருடம் சுமந்தேன், அக்கா. இன்றையதை நீ சொல்லச் சொல்லவில்லை.